தாய்மாமன் நாற்காலி

மரிஹோத் மாலாவுக்கு யாரையும் பிடிக்காது. பாத்தாம் தீவுக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. அத்தனை வருடத்தில் இன்னொரு மனிதனைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை கேட்டவர்கள் அவன் குடியிருக்கும் பத்து அஜி பேட்டையில் யாரும் இல்லை. போதகருக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. பாடகர் குழுவில் நிற்பவர்களுக்கு வாயைத் திறக்கவே தெரியாது. ஜாவாக்காரர்களுக்குச் சர்க்கரை போடாமல் சமைக்கத் தெரியாது. கப்பல் பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் எஞ்சினியருக்கு எதுவுமே தெரியாது. இவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்கிறான் என்று கேட்டால், அந்தப் பட்டறையின் சாமான் கிடங்கில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கையுறையும் தலைக்கவசமும் எடுத்துக் கொடுக்கிறான். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். தன் பாட்டன் சொத்தைத் தானம் பண்ணுகிறவன் கூட அப்படிச் சுளிக்க மாட்டான்.

ஊரை விட்டு அவன் வந்த கதையும் அதே லட்சணம்தான். சொந்த ஊரான சமோசிரில் அவன் வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள். மரிஹோத் நடுவில். கல்யாணமோ சாவோ எது நடந்தாலும் குடும்பத்துக்காக எழுந்து பேசுவது மூத்தவன் ஜொங்கி. வருகிறவர்கள் முதலில் கும்பிடுவது ஜொங்கியை. விருந்தில் பன்றியின் தாடை வந்து இறங்குவது ஜொங்கியின் முன்னால். பட்டாக் ஜனங்களில் நடுவில் பிறந்த எல்லோருக்கும் இதுதான் விதி. மற்றவர்கள் கிடைத்ததைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். இவனால் இருக்க முடியவில்லை. ஒரு சாவு வீட்டில் ஜொங்கி பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே எழுந்து தானும் பேச ஆரம்பித்தான். ஜொங்கி பேச்சை நிறுத்தவே இல்லை. பேசிக்கொண்டே கையை நீட்டித் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். பிணத்தைச் சுற்றி இருந்த கூட்டம் முழுவதும் சிரித்தது. அடுத்த வாரம் இவன் பெண்டாட்டியையும் பத்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டான். சோற்றுக்கு வழியில்லாமல் ஊரை விட்டு வந்தவர்கள் இந்தத் தீவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நாற்காலி கிடைக்கவில்லை என்று வந்தவன் இவன் ஒருத்தன்தான்.

வந்த இடத்தில் மட்டும் நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்களா? தீவில் மாலாவ் குலத்தார் முப்பது குடும்பம். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிடுகிற சங்கம் ஒன்று வைத்திருந்தார்கள். இவன் போய்ச் சேர்ந்தான். அங்கே வயதில் மூத்தவர்கள், தலைமுறைக் கணக்கில் மூத்தவர்கள், வாயில் மூத்தவர்கள் என்று ஏற்கெனவே ஒரு வரிசை அசையாமல் உட்கார்ந்திருந்தது. இவனுக்குக் கதவோரத்தில் பாய் விரித்தார்கள். பேச ஆரம்பித்தால் யாராவது பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள்.

அப்போதுதான் தோகாப் அகப்பட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சர்ச் விட்டதும் கள்ளுக்கடையில் கூட்டம். தோகாப் ஹரியாஞ்சா தீவுக்கு வந்து அப்போது இரண்டு மாதம். சாலையோரத்தில் தகரக் கொட்டகை போட்டு டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் மாசமாக இருக்கும் பெண்டாட்டி. இரண்டு பட்டாக்காரர்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் முதலில் பேர் கேட்க மாட்டார்கள், குலம்தான் கேட்பார்கள். தோகாப்பும் அதைத்தான் கேட்டான்.

"மாலாவ். பதினஞ்சாவது தலைமுறை," என்றான் மரிஹோத். பதினைந்து என்பது ஏதோ பட்டாளத்தில் கொடுத்த பதவி என்பதுபோல.

தோகாப் தூக்கிய கிளாஸைப் பாதியில் நிறுத்தினான். எதிரே இருந்தவனை ஒரு நிமிஷம் பார்த்தான். பளபளவென்று துடைத்த செருப்பைப் பார்த்தான், கழுத்து வரை பட்டன் போட்ட சட்டையைப் பார்த்தான், தூக்கி வைத்திருந்த முகவாயைப் பார்த்தான்.

"என் வீட்டுக்காரியும் மாலாவ் குலத்துப் பொண்ணுங்க," என்றான்.

"அப்படியா? அப்ப நான் அவளுக்கு அண்ணன். உனக்கு மச்சான்."

"பாருங்க, தெரியாம உக்காந்துட்டேன் மச்சான்." தோகாப் எழுந்து, தன் சட்டை நுனியால் பெஞ்சைத் துடைத்து அவனை உட்கார வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக் கள் ஊற்றினான். பெண் கொடுத்த வீட்டுக்காரன் உட்காருவான், பெண் எடுத்தவன் நின்று பரிமாறுவான், அதுதான் முறை. மரிஹோத்துக்காக ஒருத்தன் எழுந்து நின்றது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நெஞ்சு விம்மிவிட்டது. அதற்குமேல் அவனால் ஒன்றும் யோசிக்க முடியவில்லை.

யோசித்திருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பான். பட்டாக் வீட்டில் பல் முளைக்காத குழந்தைக்குக் கூட அந்தக் கேள்வி தெரியும். பெண் எந்த ஊர் மாலாவ், யார் மகள், எத்தனையாவது தலைமுறை? அது தெரியாமல் உறவே கிடையாது. மரிஹோத் கேட்கவில்லை. கேட்கப் பயம். அவள் பதினாலாவது தலைமுறை என்று பதில் வந்தால் அவனுக்கு அத்தை முறையாகிவிடும். அப்புறம் இவன்தான் அவளுக்குப் பணிந்து நிற்க வேண்டும். கிடைத்த பெஞ்சு போய்விடும். அதனால், "தங்கச்சிய நல்லா பாத்துக்க," என்று சொல்லிவிட்டு இரண்டாவது கிளாஸை நீட்டினான்.

அன்றிலிருந்து தோகாப்பின் வீட்டில் மரிஹோத் ராஜா. அந்த வருடமே பெண் குழந்தை பிறந்தது. தியோதோர் என்று பேர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தாய்மாமன் என்ற முறையில் குழந்தைக்கு உலோஸ் துணி போர்த்தித் தலையில் அரிசி தூவி ஆசீர்வாதம் பண்ணினான். துணி மெஷினில் நெய்தது, ஓரமெல்லாம் நூல் பிரிந்தது. ஆசீர்வாதம் முக்கால் மணி நேரம். அதற்குப் பின் வந்த பையனுக்கும் அதே மாதிரி துணி, அதைவிட நீளமான பேச்சு. ஒவ்வொரு தடவையும் தோகாப் ஒரு பன்றியை அடித்துத் தாடையை அவன் முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

வாரத்தில் மூன்று நாள் அந்த வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டுச் சும்மா போவானா?

"என்னம்மா லஸ்மா, உன் கறியில எப்பப் பாத்தாலும் ஒரு இனிப்பு? உங்கம்மா உனக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலியா?"

"கத்துக்கறேண்ணே," என்பாள் லஸ்மா.

"மாப்ள, கைய இந்தப் பக்கம் நீட்டாத. சோறு கறுத்துப் போகுது."

தோகாப் சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் மறைத்துக்கொள்வான். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாத ரப்பர் கறுப்பு அது. சர்ச் வாசலில் நின்று மரிஹோத் மற்றவர்களிடம் சொல்வான்: "நான் ஒருத்தன் இல்லேன்னா இவன் குடும்பமே இங்க அனாதை."

யார் அனாதை என்று ஊருக்குத் தெரியும். அவன் பெண்டாட்டி எட்டு வருடத்துக்கு முன்னால் பெக்காசியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் பேரனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மகன் போனை எடுப்பதில்லை. ஒரு வருடம் இவனுக்கு டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சங்கத்திலிருந்து ஒரு வாழைச்சீப்பு வந்தது. தோகாப் கடையைச் சாத்திவிட்டு ஆறு நாளும் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்தான். லஸ்மா இரண்டு வேளையும் கஞ்சி கொண்டுவந்தாள். பிழைத்து எழுந்து சர்ச்சுக்குப் போனவன் சாட்சி சொன்னான்: நர்ஸ் சரியில்லை, கஞ்சி சரியில்லை, கீழே படுத்திருந்தவனின் குறட்டை தாங்க முடியவில்லை, கர்த்தர் ஒருவர்தான் தன்னைக் காப்பாற்றினார். பின்பெஞ்சில் உட்கார்ந்து தோகாப் ஆமென் சொன்னான். இப்படிப்பட்டவனுக்கும் பூமியில் ஒரு சிநேகிதன் இருந்தான் என்பதுதான் கர்த்தருடைய காரியம்.

இப்படி இருபத்து நான்கு வருடம். தியோதோர் எலக்ட்ரானிக் கம்பெனியில் வேலைக்குப் போனாள். அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப்போனது. நல்ல பட்டாக் பையன், சமோசிர் குடும்பம். கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள்.

பட்டாக் கல்யாணத்தில் பெண்ணுக்குத் தாய்மாமன் என்றால் சும்மாவா? முன்வரிசையில் நாற்காலி. மணமக்கள் இருவரையும் சேர்த்து உலோஸ் போர்த்த வேண்டும். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்க, மைக்கில் பேச வேண்டும். தாடை அவனுக்கு. மரிஹோத் கறுப்புக் கோட்டுத் தைக்கக் கொடுத்தான். இத்தனை வருடத்தில் முதல்முறையாகச் சமோசிருக்குச் சொல்லியனுப்பிக் கையால் நெய்த நல்ல உலோஸ் ஒன்று வரவழைத்தான். கிடங்கில் ஆள் இல்லாத நேரத்தில், அலமாரியில் வரிசையாக இருந்த தலைக்கவசங்களைப் பார்த்துப் பேசிப் பழகினான். அவை குறுக்கே பேசவில்லை.

இதற்கிடையில் மாலாவ் சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்திருந்தார். சமோசிரில் நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி போனபின் மகனோடு இருக்கத் தீவுக்கு வந்தவர். எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். குலத்தின் வம்சாவளி முழுவதையும் ஒரு தடித்த நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் படியில் மரிஹோத்தை நிறுத்தினார்.

"தம்பி, கல்யாணப் பொண்ணோட அம்மா உனக்குத் தங்கச்சி முறைதானே? அவ நம்பர் என்ன?"

"நம்பரா?"

"தலைமுறை நம்பர். எந்த ஊர், அப்பா பேர் என்ன? பத்திரிகையில மாமன் வீடுன்னு நம்ம பேர் போடறாங்க. நோட்டுல அந்தப் பொண்ணைக் காணுமே."

மரிஹோத் குனிந்து, ஏற்கெனவே துடைத்திருந்த செருப்பை மறுபடி துடைத்தான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எழுதிடலாம். கேட்டு வை," என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

மரிஹோத் நேராகத் தோகாப்பின் வீட்டுக்குப் போனான். லஸ்மா சமையலறையில் மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் வாசல்படியில் நின்றபடியே கேட்டான்.

"உன் நம்பர் என்ன?"

"என்ன நம்பர்ணே?"

"தலைமுறை நம்பர். உங்கப்பா பேர், ஊர் பேர். வாத்தியார் கேக்கறாரு. இது கூடச் சொல்லி வளக்கலியா உன்னை?"

லஸ்மா கத்தியைக் கழுவினாள். கையைத் துடைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். இந்த நாள் வரும் என்று இருபத்து நான்கு வருடமாகத் தெரிந்தவள் உட்காருகிற மாதிரி, அவசரமில்லாமல் உட்கார்ந்தாள்.

"எனக்கு நம்பர் கிடையாதுண்ணே. குலமும் கிடையாது. எங்கப்பா பேரு வாகிமான். சியாந்தார் பக்கம் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்துல பொறந்தவ நான். ஜாவாக்காரி. லஸ்மின்னு பேரு, லஸ்மாங்கறது இங்க வந்து வெச்சுக்கிட்டது."

மரிஹோத் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான்.

தோட்டத்துக் குழந்தைகள் பக்கத்துப் பட்டாக் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர்கள். அவளுக்குப் பட்டாக் பாஷை தண்ணீர் பட்ட பாடு. தோகாப் அந்தத் தோட்டத்துக்கு லாரி டயர் மாற்ற வந்தவன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் விடமாட்டோம் என்றபோது, மதம் மாறப் போகிறவள் எங்களுக்குச் செத்தவள் என்று அவள் வீட்டில் கைகழுவினார்கள். குலமில்லாதவள் என் வாசல்படி மிதிக்கக் கூடாது என்று தோகாப்பின் அம்மா சொன்னாள். அந்த அம்மாவுடைய அண்ணன்மார் லஸ்மாவை மகளாகத் தத்து எடுத்துக் குலம் கொடுத்திருக்கலாம், அதுதான் வழக்கம். அந்த அம்மா அதையும் தடுத்துவிட்டாள். இரண்டு பக்கமும் கதவு சாத்தினபிறகு இருவரும் தீவுக்கு வந்தார்கள். வயிற்றில் பிள்ளை. பிறந்தால் அதன் தலையில் அரிசி தூவ ஒரு மாமன் இல்லை.

வெளியே பைக் நிறுத்தும் சத்தம் கேட்டது. தோகாப் உள்ளே வந்தவன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான்.

"மாப்ள, இவ என்ன சொல்றா?"

"நிஜந்தான் மச்சான்."

"இருபத்தி நாலு வருஷமா என்னை ஏமாத்திருக்கீங்க."

"நீங்க அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேப்பீங்க கேப்பீங்கன்னு ஒரு வருஷம் பயந்துட்டு இருந்தேன். நீங்க கேக்கவே இல்ல."

"நான் மாலாவ்னு சொன்னதும் வாய்க்கு வந்தத அடிச்சு விட்டே. வேற குலம் சொல்லிருந்தா அந்தக் குலம்னு சொல்லிருப்பே."

தோகாப் தலையைக் குனிந்துகொண்டான். லஸ்மாதான் பதில் சொன்னாள். குரல் உயரவில்லை. எப்போதும் அவனிடம் பேசுகிற அதே மரியாதைதான்.

"இல்லண்ணே. அன்னிக்குக் கடையில மாலாவ் மட்டும் நாலு பேர் இருந்தாங்களாம். மத்த மூணு பேரும் எந்த ஊருன்னு கேட்டிருப்பாங்கன்னாரு இவரு. உங்களப் பாத்தா கேக்க மாட்டீங்கன்னு தோணுச்சாம். அன்னிக்கே வீட்டுக்கு வந்து சொன்னாரு."

அறைந்திருந்தால் கூட இப்படி வலித்திருக்காது. மரிஹோத்துக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. "அப்ப நான் யாரு? கோமாளியா?"

"நாற்காலி காலியா இருந்துச்சு, நீங்க உக்காந்தீங்க. உக்காந்ததுக்கு ஒரு தடவையாவது தாடை வராம இருந்திருக்கா? நான் ஒரு தடவையாவது முகம் சுளிச்சிருக்கேனா?" என்று கேட்டாள் அவள்.

"ஞாயித்துக்கிழமை எழுந்து சொல்றேன். எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

"சொல்லுங்க," என்றாள் லஸ்மா. "பேசறதுக்குன்னே பொறந்தவரு நீங்க." மீனை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

அந்த ஒரு வாரம் மரிஹோத் தன் வீட்டில் பாக்கெட் நூடுல்ஸைத் தண்ணீரில் போட்டுத் தின்றான். தலைக்கவசங்களுக்கு முன்னால் புதுப்பேச்சு பழகினான். வஞ்சகம், துரோகம், பரிசுத்தமான குலத்தின் பேர் என்றெல்லாம் அதில் வந்தது. தான் சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போவார்கள். லஸ்மா இனிமேல் சர்ச்சில் தலைதூக்க முடியாது. குலமில்லாத தாய்க்குப் பிறந்தவள் என்று தியோதோரின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஆகட்டும் என்று நினைத்தான். புதன்கிழமை தியோதோர் போன் பண்ணினாள்.

"மாமா, ஏன் வீட்டுப் பக்கமே காணோம்? உடம்பு சரியில்லையா? அம்மாவக் கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. கஞ்சி கொண்டு வரட்டா?"

"ஒண்ணும் வேணாம். போன வை."

வைத்துவிட்டாள். நூடுல்ஸில் உப்பு சரியில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கொட்டிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தோகாப்பின் வீட்டு முன்னால் தார்ப்பாய் கட்டி, பாய் விரித்து, இரண்டு பக்கத்து ஜனமும் உட்கார்ந்தார்கள். ஜெபம் முடிந்தது. வாத்தியார் நோட்டைத் திறந்தார்.

"மரிஹோத், உன் தங்கச்சி நம்பர் சொல்லு."

அவன் எழுந்து நின்றான். பேச்சு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறக்கும்போது எதிரே சங்கத்துச் செயலாளர் முன்னால் சாய்ந்து உட்காருவதைப் பார்த்தான். அந்த ஆளுடைய உதட்டோரத்தில் ஏற்கெனவே ஒரு சிரிப்பு. இவன் விஷயத்தைச் சொல்லி முடித்த அடுத்த நொடி அந்த ஆள் என்ன கேட்பான் என்று மரிஹோத்துக்குப் பளிச்சென்று தெரிந்தது: இருபத்து நாலு வருஷமா நீ கேக்கவே இல்லையா? அப்புறம் முப்பது குடும்பமும் சிரிக்கும். மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

"பதினஞ்சு," என்றான்.

"அப்பா பேரு?"

"எங்கப்பாதான்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கப்பா எனக்கு நல்லாத் தெரிஞ்சவரு. உங்க மூணு பேருக்கும் நான்தான் பாடம் சொல்லிக் குடுத்தேன். அந்த வீட்டுல பொண்ணே கிடையாது."

"வீட்டுல கிடையாது. சியாந்தார் பக்கம் மரம் அறுக்கப் போய் மூணு வருஷம் இருந்தாருல்ல. அங்க."

பாய்கள் மேல் ஒரு முணுமுணுப்பு ஓடியது. முப்பது வருடத்துக்கு முன்னால் செத்தவர், உயிரோடிருந்தவரை சர்ச்சில் காணிக்கைப் பை பிடித்த மனுஷர். அவரை, அவர் பெற்ற பிள்ளையே ஒரு கூட்டத்துக்கு நடுவில் நின்று, சிரிப்புக்குப் பயந்து, இரண்டே வார்த்தையில் விற்றுவிட்டான். மரிஹோத் இதுவரை பண்ணின கேவலங்களில் இதுதான் பெரியது என்று அங்கே இருந்த யாரும் அடித்துச் சொல்வார்கள்.

வாத்தியார் காப்பித் தட்டோடு நிலைப்படியில் நின்ற லஸ்மாவைப் பார்த்தார். அப்புறம் இவனைப் பார்த்தார். நாற்பது வருடம் பையன்களின் பொய்யைக் கேட்ட காது அது. இவனைக் கையாட்டிப் பக்கத்தில் கூப்பிட்டு, குனியச் சொல்லி, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினார்.

"நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. ரெண்டு விதமா எழுதலாம். குலம் தெரியாத பொண்ணுன்னா, சர்ச்சுல சபை முன்னால நிக்க வெச்சுக் கேட்டு, நம்ம சங்கமே மகளா எடுத்துக்கும். கல்யாணம் அஞ்சாறு மாசம் தள்ளிப்போகும். அவளுக்குத் தலைகுனிவுதான். ஆனா பழகின அண்ணன்னு நாற்காலி உனக்கு. நீ சொன்ன மாதிரி உங்கப்பா மகள்னு எழுதினா ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது, கல்யாணம் சொன்ன தேதியில நடக்கும். ஆனா கூடப் பொறந்தவளுக்கு நாற்காலி மூத்தவனோடது. ஜொங்கிய வரச் சொல்லணும். எதை எழுத?"

ஜொங்கி. முறை எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவனுக்கு இது மட்டும் அந்த நிமிஷம் வரை தோன்றவே இல்லை. தைத்து வந்த கறுப்புக் கோட்டு வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. எந்த மனிதனிடமிருந்து கடல் தாண்டி ஓடி வந்தானோ அவனைத் தன் கையால் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

நிமிர்ந்து லஸ்மாவைப் பார்த்தான். அவள் கண்ணில் கெஞ்சல் இருக்கும் என்று நினைத்தான். இல்லை. நிற்காது என்று தெரிந்த பஸ்ஸைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இவனை நன்றாகத் தெரியும். இருபத்து நான்கு வருடம் சோறு போட்டவளுக்குத் தெரியாதா? நாற்காலிக்காக இவன் எதையும் விற்பான், இந்தத் தங்கச்சியையும் விற்பான் என்று அவள் முடிவு பண்ணிவிட்டாள். அதில் தப்பும் இல்லை. தோகாப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அப்படிப் பார்த்தது மரிஹோத்துக்குத் தாங்கவில்லை. யார் எப்படிப் பார்த்தாலும் கவலைப்படாதவனுக்கு அந்த ஒரு பார்வை தாங்கவில்லை.

"எழுதுங்க," என்றான்.

"எதை?"

"எங்கப்பா மகள்னு எழுதுங்க."

"ஜொங்கி வருவானே தம்பி."

"வரட்டும். எழுதுங்கன்னு சொல்றேன்ல." குரல் எரிச்சலாகத்தான் வந்தது. வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினார்.

ஜொங்கி வர மாட்டான், செத்த தகப்பனுக்குத் திடீரென்று முளைத்த மகளை ஏற்க மாட்டான் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அவனைத் தெரியாதவர்கள். முன்வரிசை நாற்காலியும் மைக்கும் பன்றித் தாடையும் இருக்கிறது என்றால், தகப்பனுக்குப் பத்து மகள்கள் பிறந்திருந்தாலும் அந்தக் குடும்பத்து ஆண்களுக்குச் சம்மதம்தான். கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்து இறங்கினான். எழுபது வயது, தடித்த கழுத்து. வந்ததும் வராததுமாக, விரித்திருந்த பாய் போதாது என்றான்.

கல்யாண மண்டபத்தில் ஜொங்கி முன்வரிசையில் உட்கார்ந்தான். மரிஹோத் வரவழைத்த நல்ல உலோஸை ஜொங்கி எடுத்து மணமக்கள் தோளில் போர்த்தினான். ஒரு மணி நேரம் பேசினான். தோகாப், பெண்ணுக்கு அப்பன், கறுத்த கைகளை வெள்ளைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, தாடை வைத்த தட்டை ஜொங்கியின் முன்னால் இறக்கிவிட்டுக் குனிந்து கும்பிட்டான். இரண்டாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மரிஹோத் உட்கார்ந்திருந்தான். அவன் தட்டில் மற்றவர்களுக்கு வந்த துண்டுகள்தான்.

அவனால் சும்மா இருக்க முடியுமா? பக்கத்தில் இருந்தவனிடம் ஆரம்பித்தான். அண்ணன் பேச்சில் தலையும் இல்லை வாலும் இல்லை. மைக் கரகரக்கிறது. கறி இன்னும் அரை மணி நேரம் வெந்திருக்க வேண்டும். இந்த ஊரில் ஒருத்தனுக்கும் ஒரு கல்யாணத்தை ஒழுங்காக நடத்தத் தெரியாது.

லஸ்மா, மணப்பெண்ணின் அம்மா, பட்டுக் கட்டிக்கொண்டு முன்வரிசைக்காரர்களை வணங்கிவிட்டு அந்தப் பக்கமாக வந்தாள். அவன் பின்னால் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

"வாய மூடிட்டுத் தின்னுண்ணே," என்றாள். "சோறு ஆறுது."

தன் கையில் இருந்த தட்டிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். மரிஹோத் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு தின்றான்.